மேலே இரண்டு, கீழே ஐந்து

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? விரலை மடக்கி எண்ணிப் பட்டென்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் உங்களுக்கெல்லாம் அரசாங்க உத்தியோகம் கிடைக்கவில்லை.

சிட்லபாக்கம் கன்னியம்மாவும் அப்படித்தான் சொன்னாள். "நானு, எங்க வூட்டுக்காரரு குப்பன், மூணு வயசுப் பொண்ணு பட்டு. அவ்ளோதான் சார்."

புது ரேஷன் கார்டு எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. பெரியவர்களுக்கு ஒரு யூனிட், குழந்தைக்கு அரை யூனிட், யூனிட்டுக்கு அரைக்கிலோ சர்க்கரை. இந்தக் கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்ததால் மேலிடம் அதைச் சீர்திருத்தியது. இனி எல்லாரையும் அரை அரையாகவே எண்ண வேண்டும். மேல் கட்டத்தில் தொகுதி, கீழ்க் கட்டத்தில் பகுதி என்று பின்னமாகவே எழுத வேண்டும்.

கன்னியம்மா அஞ்சாங்கிளாஸ் வரை கிராமத்தில் படித்தவள். கீழே இருக்கிற எண் ஒரு அடையை எத்தனை துண்டு போட்டோம் என்பது. மேலே இருக்கிற எண் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது என்பது. தனக்கு ரெண்டு அரை, புருஷனுக்கு ரெண்டு அரை, பட்டுவுக்கு ஒரு அரை. மேலே ஐந்து, கீழே இரண்டு என்று எழுதி நீட்டினாள்.

பங்கீட்டுப் பரிசீலனை அதிகாரி தேவானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏம்மா, மேலே பெரிசு, கீழே சிறிசா? இது தகா பின்னம். அரசாங்க ஆவணத்துல ஏத்துக்கறதுக்கில்ல."

"அப்போ ரெண்டே அரைன்னு போடுங்க சார்."

"அது கலப்பு பின்னம். ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு மூணு எண் வருது. கட்டம் ரெண்டுதானே இருக்கு?"

"பக்கத்துல கொஞ்சம் எடம் கீதே சார்."

"அது முத்திரை குத்தற இடம். தகு பின்னம்னா கீழே பெரிசா இருக்கணும். மேலயும் கீழயும் சமமா இருந்தாக்கூட ஆட்சேபணை இல்ல. உன்னுது மேலே பெரிசு."

என்ன இருந்தாலும் இரக்கமுள்ள மனிதர். படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் எண்களைத் திருப்பிப் போட்டார். மேலே இரண்டு, கீழே ஐந்து. முத்திரையும் குத்தினார்.

அந்த மாதம் கடையில் ஐந்தில் இரண்டு யூனிட் என்று கணக்குப் பார்த்து இருநூறு கிராம் சர்க்கரை நிறுத்துப் போட்டார்கள். சர்க்கரை இல்லாத பாலைப் பட்டு குடிக்க மாட்டாள். டம்ளரைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். இருநூறு கிராம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோனது.

பக்கத்து வீட்டு ஹஃபீசா அக்கா வீட்டில் ஆறு பெரியவர்கள், ரெண்டு குழந்தைகள். மேலே இரண்டு, கீழே பதினாலு. அவர்களுக்கு எழுபத்தோரு கிராம். "கன்னியம்மா, ஆள் ஏற ஏறச் சர்க்கரை எறங்குதே, இது இன்னாடி பேஜாரு!" என்றாள் அக்கா. மாடியில் தனியாக இருந்த அசரியாவுக்கு மட்டும் மேலே இரண்டு, கீழே இரண்டு. முழு அரைக்கிலோ. அவரோ கடுங்காப்பியைச் சர்க்கரை போடாமல் குடிக்கிறவர்.

கன்னியம்மாவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. தனி ஆள் என்றால் கணக்கு சரியாக வருகிறதே! தனக்கொரு கார்டு, புருஷனுக்கொரு கார்டு, பட்டுவுக்கு ஒன்று. பட்டுவுக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. அப்பழுக்கில்லாத தகு பின்னம்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், என்னைத் தனியா தள்ளுறே?" என்றான் குப்பன்.

"காயிதத்துலதான்யா தள்றேன். சோத்துக்கு வூட்டுக்கே வந்துடு."

மூன்று மனு போட்டாள். அதைப் பார்த்து ஹஃபீசா அக்கா எட்டு போட்டாள். ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் சேர்ந்து வாழ்வதே நாகரிகமில்லாத காரியமாகிவிட்டது. "நாங்க மூணு பேரும் மூணு குடும்பமாக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டார்கள். குடும்பங்கள் பல மடங்கு பெருகியதை வளர்ச்சி என்று பாராட்டி மேலிடம் கடிதம் எழுதியது. பட்டுவைக் குளிக்கக் கூப்பிட்டால், "நான் குடும்பத் தலைவி, வர மாட்டேன்" என்றாள்.

தனிக் குடும்பத்துக்குத் தனி அடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதை நேரில் பார்த்துச் சான்றளிக்கத் தேவானந்தமே வந்தார். கன்னியம்மாவின் ஸ்டவ்வைப் பார்த்தார். குப்பனுக்காகக் கொல்லையில் வைத்த மூன்று செங்கல்லைப் பார்த்தார். பிறகு பட்டுவின் முன் குனிந்தார்.

"குடும்பத் தலைவி அவர்களே, தங்கள் அடுப்பு எது?"

பட்டு சொப்பு அடுப்பைக் காட்டி, மண் பாயசத்தைக் கரண்டியால் கிளறி நீட்டினாள். அவர் வாங்கி, குடிப்பதுபோல் உறிஞ்சி, "அடுப்பு ஒன்று, பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கன்னியம்மாவுக்கு உயிர் வந்தது. அரை யூனிட்! பட்டுவின் பாலுக்குச் சர்க்கரை வந்தாயிற்று.

தேவானந்தமோ கிளம்பவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பட்டுவின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பட்டும்மா, மாமா வீட்ல ஒன்பது பேரு, ஒன்பது கார்டு. திங்கக்கிழமை எங்க மேலதிகாரி அடுப்பு எண்ண வர்றாரு. இதை ரெண்டு நாளைக்கு மாமாவுக்கு இரவல் குடேன்."