வயித்தெரிச்சலுக்கு ஆள் தேவை

இனி பொறுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் புள்ளையோட பேச்சு இருக்கணும்.

என் பொண்டாட்டி மருத்துவக் காலேஜுக்கு நோயாளியா நடிக்கப் போறா. சம்பளம் கிடையாது, சேவை. டாக்டருக்குப் படிக்கிறதுங்க நிஜ நோயாளிகிட்ட போறதுக்கு முன்னாடி இவகிட்ட பேசிப் பழகுமாம். திங்கக்கிழமை மூட்டுவலி, வியாழக்கிழமை தலைசுத்தல். வீட்டுக்கு வந்தா ஒரே புராணம்.

"அந்தப் புள்ள என்னமா விசாரிக்குது! எங்க வலிக்குது, ராத்திரி தூங்கினீங்களான்னு..."

"நானும்தான் விசாரிக்கிறேன்."

"ஆமா. சட்டை எங்க, சாப்பாடு எங்கன்னு."

"கையக் கிய்யப் பிடிக்குதா?"

"பின்ன, நாடி பாக்க வேணாமா? உள்ளங்கையத் தேச்சு சூடு பண்ணிட்டுத்தான் தொடும். எனக்குச் சில்லுன்னு இருக்கக் கூடாதாம்."

அது அங்க தேச்ச சூடு, எனக்கு இங்க மண்டைக்கு ஏறிடுச்சு.

"சிரிச்சா கன்னத்துல குழி விழும்ங்க!"

அந்தக் குழியில என் குடித்தனமே விழுந்துடும்போல இருந்துச்சு.

"நாளைக்கு நானும் வரேன். நானும் நடிக்கிறேன்."

"உங்களுக்கு நடிக்க வருமா?"

"சந்தோஷமா இருக்கற மாதிரி இத்தன வருஷமா நடிக்கலயா?"

கோவிச்சுக்குவான்னு பாத்தேன். உடனே போனை எடுத்து என் பேரைக் குடுத்துட்டா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

காலேஜுல கட்டில் போட்ட ஒரு ரூம். சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் வாத்தியார் உக்காந்து பாத்து மார்க் போடுவாராம்.

"உங்களுக்கு வயித்தெரிச்சல் சார்"னு சொல்லிட்டு நர்ஸம்மா போயிட்டாங்க.

கதவு திறந்துச்சு. முதல்ல கன்னக்குழி வந்துச்சு. பின்னாலயே இடுப்பு வரைக்கும் ஒரு சடை வந்துச்சு.

பொண்ணு! அட, 'புள்ள'ன்னா பையன்னு நானா நினைச்சுக்கிட்டா அதுக்கு யாரு பொறுப்பு?

உள்ளங்கையத் தேச்சுக்கிச்சு. "எரிச்சல் எப்பலேருந்துப்பா?"

"என் பொண்டாட்டி இங்க வர ஆரம்பிச்சதுலேருந்து."

"எப்ப அதிகமாகுது?"

"உன்னைப் பத்திப் பேசறப்பல்லாம்."

"இப்ப?"

"உன்னைப் பாத்ததும் அணைஞ்சிடுச்சும்மா."

கண்ணாடிக்குப் பின்னால ஒரே கைதட்டல். வாத்தியார் ஓடி வந்து என் கையக் குலுக்கினாரு. "பிரமாதமான நடிப்பு சார்!"

நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அவரு பின்னாலயே வந்தா என் பொண்டாட்டி.

"நடிப்பா? வயித்தெரிச்சலுக்கு ஆள் கிடைக்கலன்னு நீங்க சொன்னப்பவே சொன்னேனே டாக்டர், எங்க வீட்டுல ஒரிஜினலே இருக்கு, நல்லா எரியவிட்டுக் கூட்டிட்டு வரேன்னு!"