டர்போ போச்சுன்னு தெருவையே கூட்டின கதை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. எங்க பழைய டர்போ டீசல் கார் ஏன் இழுக்க மாட்டேங்குதுன்னு கண்டுபிடிக்கணும்.

எங்க பெங்களூர் லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறினா லோடு ஆட்டோ கூட எங்கள ஓவர்டேக் பண்ணுது. பின்னாடி கரும்புகை வேற.

பி.யூ.சி., அதாவது இங்கத்த பிளஸ் டூ, முடிச்சாச்சு, இனிமே படிக்க மாட்டேன், மெக்கானிக் ஷெட்டுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டேன். அம்மா கண்டிஷன் போட்டாங்க.

"இந்தக் காருக்கு என்ன கோளாறுன்னு நீயே கண்டுபிடி, ஷெட்டுக்குப் போ. இல்லேன்னா பி.காம்."

இவ்ளோதானா!

வீடியோ பாத்தேன். பானெட்டத் தொறந்தேன். இன்ஜினுக்குக் காத்த அழுத்தி அனுப்பற டர்போவோட குழாயக் கழட்டினா உள்ள எண்ணெய்ப் பிசுக்கு.

"டர்போ போச்சுப்பா!" தெருவுக்கே கேட்டுச்சு.

அப்பா மூஞ்சி செத்துப்போச்சு. "டேய், அத மாத்தற காசுக்கு உன்னையே மாத்திடலாம்டா."

எதிர்வீட்டு மஞ்சு அங்கிள் எட்டிப் பாத்து, கன்னடம் கலந்து கேட்டாரு. "ஏனோ, போஸ்ட்மார்ட்டமா? பழைய டர்போன்னா கொஞ்சம் எண்ணெய் இருக்கும். பிடப்பா, விட்டுத் தள்ளு!"

மானம் போச்சு. சரி, டர்போ இல்லேன்னா குழாய்ல எங்கயோ ஓட்டை. பாத்திரம் கழுவற சோப்பக் கரைச்சு எல்லாக் குழாய் மேலயும் ஊத்தினேன். ஓட்டை இருந்தா குமிழி வரும்.

"ஆக்ஸிலேட்டர் குடுப்பா!"

அப்பா குடுத்தாரு. குமிழி வரல. ஃபேன் அடிச்ச அடியில சோப்புத் தண்ணி மொத்தமும் என் மூஞ்சிக்கு வந்துச்சு.

"லீக் எங்கடா?"

"என் கண்ணுல."

கடைசியா, வேற வழியில்லாம, ஏர் ஃபில்டர் டப்பாவத் தொறந்தேன்.

பூ! காஞ்ச செவந்தி இதழ், அடைஅடையா!

வெள்ளிக்கிழமையானா அம்மா கார் மூக்குல மாலை கட்டுவாங்க. இன்ஜினுக்குக் காத்து போற வழி அதுக்குப் பின்னாடிதான் இருக்கு. ஓட ஓட இதழ் இதழா உறிஞ்சிருக்கு. அப்புறம் எப்படி மூச்சு விடும்?

எல்லாத்தையும் தட்டிட்டு மாட்டினோம். ஒரு ரவுண்டு போனோம். ஃப்ளைஓவர்ல சும்மா சீறிக்கிட்டு ஏறுச்சு!

ஜெயிச்சுட்டோம்ல? வாசல்ல அம்மாவப் பாத்ததும் கத்தினேன். "கோளாறு டர்போல இல்லம்மா! நீ கட்டின மாலைலதான்!"

மஞ்சு அங்கிள் பக்குனு சிரிச்சுட்டாரு. அப்பா சோப்பு பக்கெட்டத் தூக்கிக்கிட்டு நைசா உள்ள போயிட்டாரு.

அம்மா என்னயே பாத்தாங்க. "அந்தப் பூவாலதான் இந்த டப்பா காரு இத்தன நாள் ஓடுச்சு. சாமி பூவப் போய் கோளாறுங்கற. உனக்குக் கோளாறே கண்டுபிடிக்கத் தெரியல."

"அம்மா, இப்ப வண்டி ஓடுதே!"

"அதுவும் சாமிதான்."

பி.காம். அட்மிஷனுக்கு அந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போனாங்க. நல்லா இழுத்துச்சு.