ஒருசுத்துக் காக்கா

கல்முனையில் எந்த நட்டாவது தானாகக் கழன்று விழுந்தால், அதில் ஒருசுத்துக் காக்காவின் கை படவில்லை என்று சத்தியம் பண்ணலாம். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சம்மாந்துறை உழவு மெஷின் முதல் பள்ளிவாசல் ஃபேன் வரை அவர் கடையில்தான் திருத்தம். இறுக்கி முடித்த பிறகு, நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி இன்னொரு சுற்றுச் சுற்றுவார். அது இனாம். பிறகு அந்த நட்டை அவராலேயே கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுப்பார்.

எனக்குச் சீனி வருத்தம். தொழில், வேனில் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்கு பிஸ்கட் கொடுப்பது. சிரிக்காதீர்கள். இன்சுலின் சூடேறினால் பழுதாகிவிடும் என்பதால் வேனில் ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி வைத்திருந்தேன். அதன் உயிர் ஒரு மெல்லிய தட்டு: இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பளிங்குத் தூண்கள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும்.

அது செத்துப்போக, காக்காவிடம் கொண்டுபோனேன். புதுத் தட்டுப் போட்டார், அதன் இரு பக்க நட்டையும் இறுக்கினார், சிரித்தார், ஒரு சுற்று. அக்கரைப்பற்று போவதற்குள் மருந்து தேநீராகிவிட்டது. மறுபடி மாற்றினார். மறுபடியும் தேநீர். சீனாக்காரனை ஏசினார், வெயிலை ஏசினார். வேனை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்று என் மனைவி அழுதாள். எனக்கும் பயம் பிடித்துவிட்டது.

கடைசியில் காக்கா செத்த தட்டொன்றைப் பிளந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இதுட தூணெல்லாம் அடியில முறிஞ்சி கிடக்கு. நேரா அமத்தினா தாங்கும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலா இறுக்கினா கோணி முறியும். சாமான்ல பிழை இல்ல. நான்தான் முறிச்சிருக்கன்.”

புதுத் தட்டை வைத்து, இரண்டு நட்டையும் மாறி மாறி, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். முடிந்ததும் கை வழக்கம்போல ஸ்பேனருக்குப் போனது. என்னைப் பார்த்தார். கையை இழுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். கலியாண வீட்டில் சோறு தின்னாமல் திரும்புகிறவரின் முகம்.

பெட்டி குளிர்ந்தது. பொத்துவில் வரை போய் வந்தும் மருந்து குளிராகவே இருந்தது.

அடுத்த வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால், எங்கள் கேட்டடியில் காக்கா ஸ்பேனரோடு குந்தியிருக்கிறார். என்ன காக்கா என்று கேட்டேன்.

“உனக்கு ஒரு சுத்துக் குடுக்காம விட்டுட்டன். மனசு கேக்கல்ல,” என்றவர், கேட் திரும்புகிற பிணைச்சலின் நட்டை இறுக்கி, சிரித்து, இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்.

அந்தக் கேட் இன்றுவரை திறக்காது. வேனை ரோட்டில் நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு வளவு வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறோம். அறுத்துவிடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் யாரையும் அதில் கைவைக்க விடவில்லை.