இறங்காத சூடு

மூன்றாவது தெர்மாமீட்டரும் அதே சேட்டையைத்தான் செய்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அதைத் துடைத்தார், தட்டினார், மறுபடி மனைவியின் நாக்கடியில் வைத்தார். சூடு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

"விடியறதுக்குள்ள எழுப்பி வாயில குச்சியைச் சொருகுறீங்களே, இது என்னிக்குத்தான் முடியும்?" என்றாள் அவள், அரைத் தூக்கத்தில்.

அவர் மட்டும் என்ன செய்வார், பாவம். கருத்தடை மாத்திரை வேண்டாம், இயற்கை முறையே போதும் என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம். மூத்தவள் காலண்டர் முறையை நம்பிப் பிறந்தவள். சின்னவன், தாய்ப்பால் கொடுக்கிறவரை பயமில்லை என்று நம்பிப் பிறந்தவன். அதற்கு ஆறு மாதக் கெடு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தடவை மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொண்ணு வந்துச்சுன்னா நான் வேலைக்குப் போயிடுவேன். நீங்க கடையை மூடிட்டு வீட்ல உக்காந்து மூணையும் பாத்துக்கங்க."

கடைதான் அவருக்கு உயிர். மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளினிக் நர்ஸக்காவிடம் ஓடினார். சின்னவன் பிறந்ததிலிருந்து மாதவிலக்கு நினைத்தபோது வருவதால் காலண்டர் உதவாது என்று நர்ஸக்கா தள்ளிவிட்டார். உடம்பின் ஈரத்தைக் கவனிக்கிற முறையையும் சூடு பார்க்கிற முறையையும் சேர்த்துச் செய்வது நல்லது, அடுத்த விலக்கு வந்ததும் தொடங்குங்கள் என்றார். சூடு என்று காதில் விழுந்த பிறகு மெக்கானிக்குக்கு மற்றது எதுவும் ஏறவில்லை. நம்ம தொழிலாச்சே என்று மறுநாளே தொடங்கிவிட்டார்.

விலக்கு வந்ததும் சூடு தாழும், பிறகு ஏறி மூன்று நாள் நின்றால் பயமில்லை. அதுவரை அவருக்கு ஹாலில்தான் படுக்கை. ஆனால் தாழ்ந்தால்தானே ஏறுவதற்கு? ஃப்ரிட்ஜில் குளிர் பிடிக்கவில்லை என்றால் அவர் முதலில் மாற்றுவது தெர்மோஸ்டாட்டை. அந்தப் பழக்கத்தில் தெர்மாமீட்டரை மாற்றினார். ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். அங்கே ஒழுங்காகத்தான் காட்டித் தொலைத்தது. அப்படியானால் அறைதான் கோளாறு என்று ஏசியைக் கடுங்குளிரில் வைத்தார். சின்னவனுக்குச் சளி பிடித்தது. மனைவியின் போர்வையைப் பிடுங்கினார். அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஹாலில் படுத்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் மூன்று தெர்மாமீட்டரையும் பையில் போட்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

"அக்கா, மூணும் போலி. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."

நர்ஸக்கா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே அழைத்துப் போய் ஏதோ சோதித்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. அன்னிக்கு என்கிட்ட யோசனை கேக்க வந்தது நீங்க ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்."