உப்புத் தண்ணீரும் பளிங்குத் தரையும்

முடிச்சூர்

அன்புள்ள தம்பி தயாளனுக்கு அக்கா சுபத்ரா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் போர்வெல் மோட்டாரும் நலம். நாக்பூரில் நீயும் கீதாவும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன்; எப்போது கூப்பிட்டாலும் நீ மீட்டிங்கில் இருக்கிறாய்.

விஷயம் தரையைப் பற்றியது. நம் போர்வெல் தண்ணீர் உனக்குத் தெரியும். வெந்நீர் கெட்டிலுக்குள் வெள்ளையாக ஓடு கட்டிவிட்டது. சுரண்டினால் கரண்டிதான் வளைந்தது. மாடி வீட்டு ஜெய்னப், பள்ளியில் வேதியியல் டீச்சர், பார்த்துவிட்டு இது கால்சைட் என்றாள். மழைநீர் பூமிக்குள் இறங்கும்போது சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருமாம், நாம் சுட வைத்தால் மறுபடி கல்லாகப் படியுமாம், சிமென்ட் செய்வதே இதை வைத்துத்தானாம். வினிகர் ஊற்றினால் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஸ்கூல் வேனைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

ஊற்றினேன். ஸ்ஸ் என்று நுரைத்தது. உன் அத்தான் காலமான பிறகு இந்த வீட்டில் நான் ஒன்று செய்து, பதிலுக்குச் சத்தம் வந்தது அப்போதுதான். விடுவேனா? குழாய், வாளி, ஷவர் எல்லாவற்றிலும் ஊற்றினேன். கறையெல்லாம் தீர்ந்துபோனதும், நீ ஆசையாகப் போட்டுக் கொடுத்த ஹால் பளிங்கிலும் ஊற்றினேன். அங்கேயும் நுரைத்தது. எவ்வளவு அழுக்கு என்று மகிழ்ந்துபோய்த் துடைத்தால், தரை முழுக்கத் திட்டுத் திட்டாக மங்கிக் கிடந்தது.

சாயங்காலம் ஜெய்னப் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, பளிங்கும் அதே கால்சைட்தான். நீங்க அழுக்கைக் கழுவலை, தரையையே கரைச்சிட்டீங்க."

பாலிஷ்காரர் ஜெயவேலு ஆட்களோடு வந்தார். "இன்னாமா ஊத்துன? ஹால் மொத்தமும் தேய்க்கணும்" என்றார். அவர்கள் வேலை செய்தவரை ஒரே இரைச்சல், சேறு. ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத டீ, இன்னொருவருக்கு ஸ்ட்ராங்காக. ரசத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜெயவேலு தன் மகள் கல்யாணக் கதை முழுவதையும் சொன்னார். மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு, மேலே ஃபேன் சுற்றுவது தரையிலும் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. இதற்காக நீ லீவு போட்டு வர வேண்டாம். இனி வினிகர் பாட்டிலைத் தொட மாட்டேன். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சுபத்ரா

பி.கு.: நேற்றுச் சமையலறைத் தரையிலும் கொஞ்சம் வினிகர் கொட்டிவிட்டது. அங்கேயும் அதே பளிங்குதான். ஜெயவேலு திங்கட்கிழமை ஆட்களோடு வருகிறார். கை தவறிக் கொட்டியது என்றுதான் ஜெய்னப்பிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.