கெட்டி மேளத்துக்கு நான் வைத்த செட்டிங்

காது மந்தமானவர்களால் இந்த உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. தனக்குக் காது நுட்பம் என்று நம்புகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவன் கையில் ஒரு ஸ்மார்ட்போனும் இருந்துவிட்டால் அவனைக் கல்யாண மண்டபத்துக்குள்ளேயே விடக் கூடாது. என்னை விட்டார்கள். விட்டதோடு நிற்காமல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவும் வைத்தார்கள். அதுவும் என் சொந்த அக்கா கல்யாணத்தில்.

அப்போது நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கையில் காசு புரண்டதும் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்ட பிறகுதான், அதுவரை நான் கேட்டதெல்லாம் பாட்டே இல்லை என்று தெரிந்தது (இதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் அதற்கு அந்த விலை). பிறகு வீடியோ வீடியோவாகப் பார்த்து ஈக்வலைசர், பேஸ், ட்ரெபிள் என்று மூழ்கிப் போனேன். திரையில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். ஒரு கோட்டை எள்ளளவு மேலே தள்ளிவிட்டு அதே பாட்டை மறுபடியும் கண்ணை மூடிக் கேட்பேன். வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் தெரியும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன்.

ஊருக்கு வந்தாலும் இதே வேலைதான். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அப்பா என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்துவிட்டு, "நீ பாட்டு கேக்கறியா, இல்ல பாட்டுக்கு வைத்தியம் பாக்கறியா?" என்று கேட்டார். வைத்தியம்தான். சொந்தக்காரர்கள் போனையெல்லாம் வலிய வாங்கிச் சரிசெய்து கொடுத்தேன். சித்தப்பா போனில் நான் கை வைத்த பிறகு பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்ததாம். போன் கெட்டுவிட்டது என்று அவர் அதைத் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டார். அக்கா மட்டும் தன் போனை என்னிடம் கொடுத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவாள்.

அந்தச் சமயத்தில் நான் புதிதாகக் கண்டுபிடித்திருந்தது ஒரு செட்டிங். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையது மெல்ல மெல்லத் தேயும், புதியது மெல்ல மெல்ல வளரும். எத்தனை விநாடி தேய வேண்டும் என்று நாமே வைக்கலாம். பன்னிரண்டு விநாடி வைத்தேன். அதற்கு மேல் அந்த ஆப்பில் இடமில்லை. கூடவே, எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் இன்னொரு செட்டிங்கையும் போட்டிருந்தேன். எந்தப் பாட்டும் என் காதில் சட்டென்று வந்து அறையக் கூடாது என்பது என் கொள்கை.

அக்காவுக்கு வரன் அமைவது இழுத்துக்கொண்டே போய், கடைசியில் இந்த இடம் வந்தது. மாப்பிள்ளை தங்கமானவர். குடும்பமும் நல்ல குடும்பம். அந்தக் குடும்பத்தில் யார் என்ன முடிவெடுத்தாலும் மாப்பிள்ளையின் பெரியம்மா தலையசைக்க வேண்டும். பெரியம்மாவோ சகுனம் பார்க்காமல் வாசல்படி தாண்டாதவர். முதல்முறை பெண் பார்க்கக் கிளம்பியபோது எதிரே யாரோ காலிக் குடத்தோடு வந்தார்களாம். காரை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் அவர்கள் வரும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, இந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பென்னாகரத்தில் மண்டபம். காலை முகூர்த்தம். மேளக்காரர்கள் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். விடியும் நேரத்தில் அவர்களிடமிருந்து போன் வந்தது. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை என்றார்கள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நியாயமாக எனக்கும் வருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். இத்தனை நாள் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கிடைக்கப்போகிறது என்று தோன்றியது.

"நான் பாத்துக்கறன்பா. போன்லயே போட்டுரலாம். நேர்ல வாசிக்கறதவிட கிளியரா இருக்கும்" என்றேன். அப்பாவுக்கு வேறு வழியில்லை. மைக் செட்காரர் இன்னொரு முகூர்த்தத்துக்கு ஓட வேண்டியிருந்ததால் ஒயரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஐயருக்கு முன்னால் ஒரு மைக், என் மடியில் போன், நான்கு மூலையிலும் ஆளுயரப் பெட்டிகள். கெட்டி மேளம் என்று தேடினால் எத்தனையோ வந்தது. எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் தவில் இரைகிறது, ஒன்றில் நாயனம் தகரமாக ஒலிக்கிறது. ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நான் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மனசுக்குப் பிடித்த ஒன்று சிக்கியது. போட்டுப் பார்த்தேன். தொட்டதும் படீரென்று பிடித்துக்கொண்டது. அப்போது வேறு பாட்டு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

சடங்குகள் ஆரம்பித்ததும் பின்னணியில் மெல்லிய நாதஸ்வரப் பாட்டுகளை ஓடவிட்டேன். ஒன்று தேய்ந்து ஒன்று வளர்ந்து, கேட்கவே சுகமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் வந்து, "மியூசிக் நல்லாருக்குதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை என் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்து அக்கா கழுத்தருகே கொண்டுபோனார். ஓமப் புகை மூட்டமாக நின்றது. பெரியம்மா கையில் அட்சதையோடு மைக்குக்குப் பின்னால் நின்றிருந்தார். ஐயர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார்.

தொட்டேன்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு தேயத் தொடங்கியது. நிதானமாக, மரியாதையாக, நான் வைத்தபடியே தேய்ந்தது. கெட்டி மேளம் எங்கோ ஒகேனக்கல் பக்கத்தில் புறப்பட்டு நடந்து வருவதுபோல லேசாகக் கேட்டது. பதறிப்போய் இன்னொருமுறை தொட்டேன். அது தேய்வதையும் வளர்வதையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இன்னும் பதறி இன்னும் தொட்டேன். மண்டபத்தில் சத்தமே இல்லை. கெட்டி மேளம் என்றதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அட்சதையோடு கையை ஓங்கியிருந்தார்கள்.

அந்த அமைதியில் பெரியம்மா தும்மினார்.

கெட்டி மேளம் எதற்கு வைத்தார்கள்? தாலி ஏறும் நேரத்தில் தும்மல், இருமல், வேண்டாத வார்த்தை எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே? அதன் வேலையே மற்ற சத்தத்தை அமுக்குவது. நான் அதையே அமுக்கி வைத்திருந்தேன். தும்மல் மைக்குக்குள் நேராக இறங்கி நான்கு பெட்டிகளிலும் வந்தது. அடிக்குரல் அடிக்குரலாக, உச்சம் உச்சமாக, ஒரு பிசிறு இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் உயர்ந்த தரத்தில் ஒலித்தது அது ஒன்றுதான்.

நான் அலறியடித்துப் போனை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. பெரியம்மா, யார் தும்மியது என்பதுபோல முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. பிறகு அட்சதையைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு, "ஒத்தத் தும்மல். கொஞ்சம் இருப்பா" என்றார்.

அவ்வளவுதான். சபை முழுக்க முணுமுணுப்பு. முகூர்த்தம் முடிய அதிக நேரமில்லை என்று ஐயர் அவசரப்படுத்தினார். பெரியம்மா அசையவில்லை. வேறு யாராவது தும்மியிருந்தால் அவர்களைத் திட்டிவிட்டு மேலே நடத்தியிருப்பார். தும்மியது அவரே என்பதால் திட்ட ஆளில்லாமல், சகுனம் இன்னும் பெரிதாகிவிட்டது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். அக்கா கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறது, இதற்கு மேல் நான் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று நிஜமாகவே பயந்தேன். ஓடிப்போகலாமா என்றுகூடத் தோன்றியது. மடியில் ஒயர் சுற்றியிருந்தது.

அப்போது அக்கா, குனிந்த தலை நிமிராமல் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், ஒத்தத் தும்மல்தான ஆகாது? நீ ஒண்ணு தும்முடா."

பெரியம்மா யோசித்தார். அவர் சாஸ்திரத்தில் இது புதுக் கேள்வி. ஐயர் பக்கம் திரும்பி, "வேற ஆளு தும்முனா கணக்குல வருங்களா சாமி?" என்று கேட்டார்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "தும்மலுக்கு ஆள் பேதம் இல்லீங்கம்மா. ஜோடி சேந்தாச் சரி" என்றார். அவருக்கு அடுத்த முகூர்த்தம் இருந்தது.

என்னை மேடையில் ஏற்றினார்கள். எனக்குத் தூசி பட்டாலே தும்மல் வரும். வீட்டில் ஒட்டடை அடிக்கும் நாளில் ஊரே கேட்கத் தும்முவேன். ஆனால் சபை முழுக்க வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தும்மல் எங்கே வருகிறது? ஓமப் புகைக்குள் மூக்கை நீட்டினேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது (பெண்ணின் தம்பி பாசத்தில் அழுகிறான் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்களாம்). கடைசியில் சித்தப்பா ஏறி வந்தார். இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்து ஒரு சிட்டிகையை என் மூக்கில் திணித்தார். அவர் திணித்த வேகத்தில் போன் விஷயமும் கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன்.

வந்தது. மைக்கைப் பார்த்து நன்றாகவே வந்தது. "ஜோடி ஆச்சு. கட்டுங்க, கட்டுங்க" என்றார் ஐயர். பெரியம்மா அட்சதையைக் கையில் எடுத்தார். எனக்கோ அடுத்த தும்மல் மூக்கின் விளிம்புக்கே வந்து நின்றது. அது வெளியே வந்தால் மறுபடியும் ஒற்றைப்படை. அக்கா ஓரக்கண்ணால் பார்த்த பார்வையில் அது அப்படியே உறைந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போக, மூச்சை அடக்கி நின்றேன். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மாப்பிள்ளையின் தங்கை ஆற அமர மற்ற முடிச்சுகளைப் போட்டாள். கடைசி முடிச்சு விழுந்ததும் கையை எடுத்தேன்.

அதன் பிறகு நான் எத்தனை தும்மினேன் என்று யாரும் எண்ணவில்லை. அட்சதை மழையாகக் கொட்ட, நான் விடாமல் தும்ம, மடியிலிருந்து நாற்காலியில் விழுந்து கிடந்த போனை யாரோ எடுத்துத் தொட, கெட்டி மேளமும் ஒருவழியாக வந்து சேர்ந்து முழு வேகத்தில் பிடித்துக்கொண்டது. தவில் ஒலி அற்புதமாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குக் காது அடைத்திருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அக்காவுக்கு மறுவருஷம் இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவி, "ஜோடித் தும்மல்டா தம்பி. கண்ணு முன்னால பலிச்சிருச்சு பாரு" என்றார். அதிலிருந்து அவர்கள் பக்கம் எந்தக் கல்யாணமானாலும் எனக்குத் தனியாகப் பத்திரிகை வரும். முன்வரிசையில் இடம், கையில் மடித்த காகிதத்தில் பொடி. இரண்டு தும்மல் தும்ம வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ் ஏற வேண்டும். என் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூக்குக்கு நல்ல பெயர்.

என் கல்யாணத்துக்கும் பெரியம்மா வந்திருந்தார். பெண் வீட்டார் காரிமங்கலம். மேளம் முதல் நாளே வந்து இறங்கிவிட்டது, அந்தக் குறை இல்லை. ஐயர் கையை உயர்த்தும் நேரத்தில் பெரியம்மா எழுந்து நின்று மேளக்காரர்களைக் கையமர்த்தினார். அசல் கெட்டி மேளம், ஆளும் தவிலுமாகத் தயாராக இருந்தது. அதை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று என்னைத் தும்மச் சொன்னார். தாலியைக் கையில் பிடித்தபடி இரண்டு தும்மினேன். மாமனார் மிரண்டுபோய், "உங்க பக்கம் இப்பிடி ஒரு வழக்கமுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். பொய்யே பேசாத என் அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க. பரம்பரையா இருக்குதுங்க" என்றார். தாலி ஏறியதும் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்பதுதான்.

விவரம் எல்லாவற்றையும் அவளிடம் அப்புறம் சொல்லிவிட்டேன். அவள் தன் வீட்டில் சொல்லவில்லை. சமீபத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. கெட்டி மேளம் என்ற குரல் வந்ததும் மேளம் சட்டென்று நின்றது. மாமனார் எழுந்து, வேட்டி மடிப்பிலிருந்து புத்தம்புதிய வெள்ளிப் பொடி டப்பி ஒன்றை எடுத்துத் திறந்தார்.