நேரில் வரத் தேவையில்லை

“இனிமே யாருமே ஆபீசுக்கு நேர்ல வரக் கூடாதுப்பா. அதான் டிஜிட்டல் பொருளாதாரம்.”

“யாருமேவா சார்?”

“ஏன், உங்களுக்கு வேண்டியவங்க யாராவது வர்றாங்களா?”

இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்டது பிரிவு அதிகாரியின் காதில் ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது. நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரக் கொள்கையை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

வேண்டியவள் ஒருத்தி வரத்தான் செய்தாள். பொத்தான் கடைக்காரி. மாதம் ஒருமுறை விற்பனைக் கணக்கோடு வருவாள். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத அதிகாரி அன்று மட்டும்தான் சட்டையை இஸ்திரி போட்டு அணிவார். கேட்க நினைத்ததை மட்டும் கேட்டதே இல்லை.

கொள்கை வந்தால் அவள் வர மாட்டாள். எப்படியாவது அதில் ஓர் ஓட்டை போட்டாக வேண்டும்.

“நெட் கிடைக்காத ஊர்க்காரங்க என்ன சார் பண்ணுவாங்க? ஒரு கவுன்டராவது இருக்கட்டுமே.”

“நல்லா ஞாபகப்படுத்தினீங்க! எல்லா ஊருக்கும் இணையம். முதல் அம்சமா எழுதுங்க!”

“கையெழுத்து நேர்ல வந்துதானே போடணும்?”

“மின்கையொப்பம்! சட்டத்தையே திருத்திடுவோம். பின்றீங்க போங்க!”

“சின்னக் கடைக்காரங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார்…” குரல் கிட்டத்தட்ட அழுதது.

“கடைக்கே ஆள் அனுப்பிச் சொல்லித் தருவோம், இலவசமா! உங்களுக்கு மூளையா, சுரங்கமா?”

அவர் திறந்துவைக்கப் பார்த்த ஒவ்வொரு கதவுக்கும் இயக்குநர் புதுப் பூட்டு போட்டார்.

வெளியீட்டு விழாவில் அமைச்சர் அதிகாரியைக் கட்டித் தழுவினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவரோ துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். “பக்கத்துப் பிரிவு நடத்தின சோதனைத் திட்டத்துல முதல்ல சேர்ந்தவங்களை மேடைக்கு அழைக்கிறேன். ரெண்டு வருஷமா கடையிலிருந்தே கணக்கு அனுப்புறாங்க. ஒரு மாசம்கூட இவங்க நேர்ல வர வேண்டியிருந்ததில்ல!”

படியேறி வந்தவள் பொத்தான் கடைக்காரி.

அப்படியானால் மாதாமாதம் அதிகாரியின் மேசைக்கு வந்த கணக்கு?

“திட்டத்துல ஏதாவது குறை இருக்காம்மா?” என்று கேட்டு மைக்கை அவளிடம் நீட்டினார் அமைச்சர்.

“திட்டத்துல இல்லீங்க. அதை எழுதினவர்கிட்டதான்.” அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. “அனுப்பின கணக்கையே மறுபடி தூக்கிட்டு ரெண்டு வருஷமா உங்க முன்னாடி வந்து நிக்கறேன், இன்னிக்காவது வாயைத் திறப்பீங்கன்னு. போதும் சார், நானே கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?”